கேமரன் மலைக் கெட்டிலும் யாழ்ப்பாணத்துக் கேத்தலும்

கேமரன் மலைத் தோட்டத்து வீடுகளில் பல வருஷம் புழங்கிய கெட்டிலைத் திறந்து பார்த்தாலும், அடியில் வெள்ளைப் பொருக்கு பொதுவாக இருக்காது. மிஞ்சிப் போனால் மழைக்காலத்துக் குழாய்நீரோடு வந்த வண்டல் கொஞ்சம் தங்கியிருக்கும். துணியால் துடைத்தால் போய்விடும். இதே கெட்டிலை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்கவையுங்கள். சில வாரங்களில், "கேத்தல்ல சுண்ணாம்பு பிடிச்சிட்டுது" என்று அலுத்துக்கொள்வார்கள்.

காரணம் பாறையில் இருக்கிறது. கேமரன் மலை நிற்கும் தித்திவாங்சா தொடர் பெரும்பாலும் கருங்கல். மழைநீர் அதில் எத்தனை காலம் ஊறினாலும் கரைத்துக்கொண்டு வருவது சொற்பம். சிம்பாங் பூலாய் வழியாகக் கீழே இறங்கினால் காட்சி மாறும். ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அதற்காக ஈப்போக்காரர்கள் எல்லோர் கெட்டிலும் வெளுத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கிந்தா ஆறு பிறப்பதும் கருங்கல் தொடரில்தான். வீட்டுக்கு எதிரே எந்தக் குன்று நிற்கிறது என்பதைவிட, குழாய்க்கு வரும் நீர் எந்தப் பாறையைத் தொட்டு வந்தது என்பதே முக்கியம்.

யாழ்ப்பாணத்தில் அப்படித் தப்பிக்க வழி கிடையாது. தீபகற்பம் முழுவதுமே சுண்ணாம்புப் பாறை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்ப வேண்டும். நிலாவரைக் கிணறு, கீரிமலை ஊற்று எல்லாம் இந்தக் கரைந்த பாறையின் பிள்ளைகள். காங்கேசன்துறையில் சிமெண்டு ஆலை அமைந்ததும் அந்தக் கல்லை நம்பித்தான். அங்கே லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டிய கடினத்தன்மை சர்வசாதாரணம். 180-ஐத் தாண்டினாலே மிகக் கடின நீர் என்பது வழக்கமான வகைப்பாடு.

கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. பைகார்பனேட் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிப் படிகிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்போ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். அதனால்தான் மிகச் சூடான இடமான அடித்தட்டைப் பிடித்துக்கொள்கிறது. பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் இதே வினையின் விளைவு. அங்கே வாயு மெல்ல மெல்லப் பிரிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன, கெட்டில் அவசரப்படுகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை நாளைக்கு நான்கு முறை கொதிக்கவைத்து, லிட்டருக்கு 100 மில்லிகிராம் பிரிந்தால் மாதத்துக்கு 18 கிராம். கொஞ்சம் குவளையில் போய்விடும், மீதி பொருக்காகும். வெப்பம் எளிதில் கடக்காத பூச்சு அது. மின்சாரம் வீணாகும்.

உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. பிரச்சினை தேத்தண்ணீருக்கு. கறுப்புத் தேநீர் ஆறும்போது மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு மிதக்குமே, அதைப் பற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோவும் ஜகன்யியும் 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருந்தால்தான் ஏடு கட்டும். காய்ச்சி வடித்த நீரில் கட்டாது. எலுமிச்சை பிழிந்தால் மறைந்துவிடும். எலுமிச்சைத் தேநீர் பளிச்சென்று இருப்பதன் சூட்சுமம் இதுதான்.

தேயிலைச் செடிக்கே சுண்ணாம்பு ஆகாது. அமில மண், அதாவது பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் செழிக்கும். 1929-இல் கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அப்படிப்பட்ட மண்ணில்தான் எழுந்தது. அங்கே கொழுந்து கிள்ளிய தமிழர்கள் குடித்த மென்னீரும் அந்த மண்ணையும் பாறையையும் கடந்து வந்ததுதான். நீலகிரி, நுவரெலியா மலைகளும் பெரும்பாலும் சுண்ணாம்பு இல்லாத பழம்பாறைகள். ஆக, நல்ல தேயிலை விளையும் ஊரில் கெட்டிலும் சுத்தமாக இருப்பது தற்செயல் இல்லை. அதே கேமரன் மலையில் முட்டைக்கோஸ் வைப்பவர்கள் காசு கொடுத்துச் சுண்ணாம்புத் தூள் வாங்கி மண்ணில் போடுகிறார்கள் என்பது வேறு கதை.

சரி, பொருக்கு பிடித்துவிட்டது. இரும்பு நாரால் சுரண்டக் கூடாது. கீறலில்தான் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாக ஒட்டும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். நுரைத்துக் குமிழிவிடுவது கரியமில வாயு. புளிக்கரைசலும் வேலை செய்யும், கொஞ்சம் தாமதமாக. கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இன்னும் வேகமானது. ஆனால் அதை வெதுவெதுப்பில் விட வேண்டும், கொதிக்கவைக்கக் கூடாது. கால்சியம் சிட்ரேட்டும் சூட்டில் கரைய மறுக்கும் ரகம், ஒரு படிவைப் போக்கி இன்னொன்றை உட்காரவைத்துவிடுவீர்கள். குளியலறை ஆசிட்டைத் தொடவே வேண்டாம். வினிகரோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதுவும் ஆபத்து. கழுவியபின் நல்ல தண்ணீரை ஒரு முறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, அடுத்த கொதியில் தே கலக்குங்கள்.