சிரை இரத்தத்தில் மிஞ்சும் பிராணவாயு

சிரைகளில் ஓடுவதை ‘அசுத்த இரத்தம்’ என்று பள்ளியில் படித்தோம். அதில் பிராணவாயுவே இராது என்று எண்ணுவாரும் உளர். உண்மை அதுவன்று.

கொல்கத்தாவில் பாரக்பூர் டிரங்கு சாலையிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தை அறிவீர்கள். 1957-இல் அங்குப் பணியாற்ற வந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவருடைய தந்தை ஜே. எஸ். ஹால்டேன், இரத்தத்துடன் பொட்டாசியம் பெரிசயனைடைக் கலந்து, வெளிப்படும் பிராணவாயுவை அளக்கும் முறையை வகுத்தவர். இன்று ஒளியைச் செலுத்தியே நொடியில் அளக்கின்றனர்.

நலமுள்ளவரின் 100 மில்லிலிட்டர் தமனி இரத்தம் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. இதயத்துக்குத் திரும்புகையில் சுமார் 15 மில்லிலிட்டர் மிஞ்சுகிறது. வரவில் செலவு போக நிற்கும் இருப்பு அது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கடும் உழைப்பு ஆகியவை செலவைப் பெருக்கும். இரத்த சோகையும் இதயத் தளர்ச்சியும் வரவைச் சுருக்கும். எவ்வாறாயினும் இருப்பு குறையும்.

இருப்பு மிகுவதும் எப்போதும் நலமன்று. கடுந்தொற்றில் திசுக்கள் பிராணவாயுவைப் பயன்கொள்ள இயலாதபோதும் அது மிகலாம். மேலும், கைச் சிரையில் எடுத்த இரத்தம் அக்கையின் கணக்கையே கூறும். உடல் முழுவதின் கணக்கை அறிய, நுரையீரல் தமனியில் ஒன்றுகலந்து வரும் இரத்தம் வேண்டும்.

விரலில் மாட்டும் கருவி 98 காட்டினால் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. தமனி இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியுள்ளது என்பதையே அது காட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டாது. இரத்த சோகையுற்ற தாய்க்கும் 98 வரக்கூடும். மாடியேறும்போதே அவருக்கு மூச்சிரைத்தால், மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஹீமோகுளோபினைச் சோதித்தறிவதே அறிவுடைமை.