புரியாணி மேல் பழி போடாதீங்க

"லீவுக்கு வந்தது நாலு கிழமை, கூடினது நாலு கிலோ." ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் பக்கத்தில் இந்தப் புலம்பலைக் கேட்காமல் இருக்க முடியாது. வீரமுனை, சம்மாந்துறை, காரைதீவு, கல்முனை, சாய்ந்தமருது என்று இந்த வட்டாரத்தில் லண்டனிலோ கனடாவிலோ சுவிஸிலோ கட்டாரிலோ ஒரு ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே பள்ளிக்கூடம் பூட்டினால் இங்கே வீடு நிறையும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நாங்கள்தான் வெளிநாடு. விசா எடுத்துக்கொண்டு அம்மம்மா வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அவர்கள்.

அப்படி லண்டனிலிருந்து வந்த என் மச்சான், சம்மாந்துறைத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, "மறுகா நான் புரியாணிய விட்டிரட்டா மச்சான்? டொக்டர் போகக்குள்ளயே நிறை பாத்து அனுப்பினவர்" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வருசத்துக்கு ஒருக்கா, சில பேருக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வருகிற ஊர். இங்கே வந்தும் புரியாணியைத் தின்னாமல் போனால் வந்ததற்கு என்ன பயன்? எடை கூடுவது பெரும்பாலும் அந்தப் புரியாணியால் அல்ல. சாப்பாடு என்று நாம் கணக்கிலேயே எடுக்காத சாமான்களால்.

ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலையில் பெரியம்மா வீடு, பிறகு சித்தப்பா வீடு, வழியில் கூடப் படித்த சிநேகிதன் வீடு, பின்னேரம் இன்னும் இரண்டு வீடு. வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே உள்ளே யாரோ ஒரு பிள்ளையைக் கடைக்கு ஓட விட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டத்தில் கிளாஸ் வரும், நிறைய சோடா. பக்கத்தில் ஒரு பீரிசில் கிரீம் பிஸ்கட். "கை நனைக்காமப் போறதா?" என்ற பேச்சும் கூடவே வரும். எங்கள் பக்கத்தில் தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போடும் சட்டம் வந்தது. அப்போது வகுத்த அளவுப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்த எல்லையில் உள்ள பானத்தை 200 மில்லிலீற்றர் குடித்தால் 22 கிராம் சீனி, அதாவது நாலு தேக்கரண்டிக்கு மேல். சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி என்பதால் கிட்டத்தட்ட 90 கலோரி. இரண்டு கிரீம் பிஸ்கட்டையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு 200 கலோரி என்று வையுங்கள். அஞ்சு வீட்டுக்கு 1000. வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி இருக்கிறது. ஆக அந்த அஞ்சு வீட்டு உபசாரம் முக்கால் கிலோ சோற்றுக்குச் சமம். மத்தியானம் வயிறாறச் சாப்பிட்ட ஒருவரிடம் "இன்னொரு முக்கால் கிலோ சோறு சாப்பிடுங்க" என்றால் எழும்பி ஓடுவார். சோடாவாக வந்தால் ஓடுவதில்லை. காரணம் இருக்கிறது. மென்று விழுங்குகிற உணவு பசியை அடக்குவது போல, குடிக்கிற சீனி அடக்குவதில்லை. வயிறு அதைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை, அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதும் இல்லை.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. உடம்பு அதைக் கொஞ்சம் முன்னே பின்னே செய்யும். ஆனாலும் இப்படி எட்டு நாள் வீடு வீடாகப் போனால் ஒரு கிலோ. அதில் புரியாணிக்கு ஒரு பங்கும் இல்லை.

இதைச் சொன்னபோது மச்சான் நம்பவில்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவருக்குச் சொன்னேன். ஒன்று முதல் மூன்று கிழமை விடுமுறையில் போன 122 பேரை, போக முன்னும் வந்த பின்னும் நிறுத்துப் பார்த்தார்கள். சராசரியாகக் கூடினது 0.32 கிலோ மட்டும். சின்ன அளவுதான். ஆனால் ஆறு கிழமை கழித்து நிறுத்தபோதும் அது இறங்கவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் கொஞ்சம் என்று ஏறி, இறங்காமலே நிற்கிறது. அந்த ஆட்கள் விடுமுறையில் குடித்த மது ஏறக்குறைய இரட்டிப்பானதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் ஆளைக் கவிழ்த்ததில் கிளாஸுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் அந்த வேலையைச் சோடாவும் ரின்பால் போட்ட தேத்தண்ணியும் செய்கின்றன. குடிக்கிறவர்களுக்குச் சாராயமும் இதில் சேரும், ஒரு கிராம் மதுவில் 7 கலோரி.

அப்போ நாலு கிலோ கூடின கதை பொய்யா? பொய்யில்லை, ஆனால் அவ்வளவும் கொழுப்பும் இல்லை. மாச்சத்து கூடச் சாப்பிடும்போது உடம்பு அதைத் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய் என்று உப்பும் கூடும், உப்பும் தண்ணீரை இழுக்கும். இதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பிளேனில் இருந்த கால் வீக்கம். ஊரிலிருந்து திரும்பிய அடுத்த நாள் காலையில் தராசில் ஏறி நெஞ்சைப் பிடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு கிழமை பொறுத்து ஏறுங்கள். அதற்குப் பிறகும் நிற்கிறதுதான் உங்கள் சொத்து.

இனிப் புரியாணி. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் கலியாண வீட்டில் சஹன் சாப்பாட்டுக்கு இருந்தவர்களுக்கு இது விளங்கும். பெரிய தட்டில் சோறு மலையாக வரும், நடுவில் இறைச்சி, சுற்றி அச்சாறும் கத்தரிக்காய் மோஜுவும். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைப்பார்கள். அன்பைக் காட்ட இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அளவு பார்க்க இதைவிட மோசமான ஏற்பாடும் இல்லை. தன் கோப்பையில் சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு போட்டோம், எவ்வளவு மிச்சம் என்று கண் சொல்லும். சஹனில் அது தெரியாது. உங்கள் பக்கம் குறைந்தால் எதிரே இருக்கிற காக்கா இறைச்சித் துண்டைப் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். மற்றவர்கள் சாப்பிட்டு முடியாமல் எழும்பவும் ஏலாது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிசம் எடுக்கும் என்பார்கள். அவசரமாகச் சாப்பிடுகிறவர் அதற்குள் வேலையை முடித்துவிடுவார்.

என் வழி இது. முதலில் இறைச்சி, பிறகு அச்சாறு, சோறு கடைசியில். புரதம் பசியை அடக்கும் அளவுக்கு மாச்சத்து அடக்காது. எழும்ப ஏலாத நேரத்தில் கதைக்கலாம், அதற்கு யாரும் கோபிப்பதில்லை. கடைசியில் வருகிற வட்டலப்பத்தை விட வேண்டாம். சக்கரையும் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்த அந்தச் சாமான் லண்டன் கடையில் கிடைத்தாலும் இந்த ருசிக்கு வராது. அதை ஆறுதலாகச் சாப்பிடுங்கள். விட வேண்டியது அதோடு வருகிற சோடாவை. அது உலகத்தில் எந்த மூலையிலும் ஒரே ருசிதான்.

சட்டித் தயிருக்கும் இதே நியாயம். எருமைப்பாலில் கொழுப்பு ஏழு வீதமளவு, பசுப்பாலைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனாலும் தயிர் பசியைத் தாங்கும். வயிற்றுக்கும் நல்லது. வில்லன் அதன் மேல் ஊற்றுகிற பாணிதான். ஒரு கரண்டி போதும். மூன்று ஊற்றினால் தயிரின் புளிப்பே தெரியாது, எருமைத் தயிர் என்று எதற்குத் தின்ன வேண்டும்?

கொத்துரொட்டியில்தான் நான் கொஞ்சம் கடுமையானவன். கிழக்கில் பிறந்த சாப்பாடு என்று எங்கள் ஆட்கள் மார்தட்டுவார்கள், தட்டட்டும். கடைக்கு முன்னால் நின்று ஒருக்கால் பாருங்கள். மைதா ரொட்டி, அதைப் போட முன்னமே எண்ணெயில் குளிக்க விட்டது. கல்லில் திரும்ப எண்ணெய், முட்டை, கோழி, அதற்கு மேல் இறைச்சிக் குழம்பு இரண்டு அகப்பை. தகடு அடிக்கிற சத்தத்தில் இது ஒன்றும் மனதில் பதியாது. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஒரு பார்சலை இரண்டு பேர் பகிர்ந்தால் போதும். பத்து மணிக்குச் சாப்பிட்டு நேரே படுக்கைக்குப் போகிற பழக்கம் ஊரில் இருக்கிறவர்களுக்கே கூடாது. மற்றபடி வீட்டில் அவிக்கிற புட்டு, மீன் குழம்பு, கீரைச் சுண்டல், இரண்டாம் பாலில் வைத்த பாலாணம், இதெல்லாம் யாரையும் பருக்க வைக்கிற சாப்பாடு இல்லை. முதற்பாலை அள்ளி ஊற்றுவது விருந்தாளி வந்தால் மட்டும் நடக்கிற கூத்து.

சோற்றைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு, எங்கள் நாட்டிலிருந்தே வந்தது. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் ஒரு முடிவைச் சொன்னார்கள். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை அவித்து, பிறகு 12 மணித்தியாலம் பிறிட்ஜில் ஆற வைத்தால், குடல் செரிக்க ஏலாத மாப்பொருள் பல மடங்கு கூடுகிறது, அதனால் கலோரி குறைகிறது என்று. திரும்பச் சூடாக்கினாலும் அது பழைய நிலைக்குப் போகாது என்றும் சொன்னார்கள். பழஞ்சோறு தின்று வளர்ந்த எங்களுக்கு இது சந்தோசமான சங்கதிதான். ஆனால் இது ஆய்வுகூடத்தில் கண்டது, இதை நம்பி இன்னொரு கோப்பை போடக் கூடாது. பழஞ்சோறு என்றால் தண்ணி ஊற்றி வைத்த ஒரு கோப்பை, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர். அவ்வளவுதான்.

நடக்கிறதைப் பற்றி மச்சான் கேட்டார். எழுபது கிலோ ஆள் ஒரு மணித்தியாலம் நடந்தால் 250 கலோரி அளவில் போகும். கொத்துப் பார்சலை நடந்து தீர்க்க ஏலாது. ஆனால் சாப்பிட்ட பிறகு கால் மணித்தியாலம் நடந்தாலும் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும், அதற்காகவாவது நடக்க வேண்டும். லண்டனில் பஸ்ஸுக்கும் ரெயினுக்கும் நடந்தவர்கள் இங்கே வந்ததும் வானும் ஓட்டோவும் இல்லாமல் படலையைத் தாண்டுவதில்லை. எடை கூட அதுவும் ஒரு காரணம். வெயிலைச் சாட்டாதீர்கள். விடிய அஞ்சரைக்கு எழும்பி வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரைக் கும்பிட்டு, வயல் பக்கமாக ஒரு சுற்றுப் போய் வரலாம். அந்த நேரத்தில் யாரும் சோடா தர மாட்டார்கள்.

இங்கிருந்து வெளியே போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். உம்றாவுக்குப் போகிறவர்கள் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தரம் நடப்பதே மூன்று கிலோமீற்றருக்கு மேல் வரும். கஃபாவைச் சுற்றி வருகிற தவாப் அதற்கு வெளியே. அவ்வளவு நடந்தும் எடை கூடி வருகிறவர்கள் உண்டு. காரணம் பஃபே. மேசையில் இருபது சாமான் இருந்தால் ஒன்றில் அலுத்த நாக்கு அடுத்ததில் திரும்ப விழிக்கும், வயிறு நிறைந்தாலும் கை நிற்காது. முதலில் வெறுங்கோப்பையோடு மேசையை ஒரு சுற்றுப் பார்த்து, மூன்றைத் தெரிந்து எடுங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் தேத்தண்ணிக் கடையில் "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். "குராங் மானிஸ்" என்றால் சீனி குறைத்து. தே தாரிக்கை ஒரு நாளைக்கு ஒன்று குடியுங்கள், ரொட்டி சானாயைக் கட்டாயம் தின்னுங்கள்.

டொக்டர் சொன்ன எடைக் கணக்கில் ஒரு விசயம். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ ஐரோப்பியருக்கு 25 வரை சரி என்றாலும், ஆசிய உடம்புக்கு 23-இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. தராசு இல்லாதவர்கள் ஒரு அளவுநாடா கொண்டு வாருங்கள். தெற்காசிய ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால்தான் கவலை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள், இன்றைக்குக் கலியாண வீடு என்று மருந்தைத் தவிர்ப்பதோ இரட்டிப்பதோ வேண்டாம். நேர வித்தியாசத்துக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று வெளிக்கிட முன்னமே டொக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வருகிறவர்களுக்கு. ஆனால் பாதிக் குற்றம் வீட்டுக்காரராகிய எங்களுடையது. "ஒல்லியாப் போயிட்டாய் மனே, அங்க ஒண்டும் தின்னக் கிடைக்கலயா?" என்று கேட்டுக்கேட்டே திணிக்கிறோம். வேண்டாம் என்று கையை மறித்தவரின் விரலிடுக்கு வழியாகவே சோறு போடுகிற ஆட்கள் நாங்கள். இந்த ஆவணிக்கு யாராவது படியேறினால், பிள்ளையைச் சோடாவுக்குக் கடைக்கு அனுப்ப முன் வந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இளநி வெட்டவா, சீனி போடாத பிளேன்டீ தரவா, இல்லாட்டி பச்சைத் தண்ணி போதுமா?