வானொளிர்வுப் படங்களில் வளிமண்டல ஈர்ப்பலைகள்

வளிமண்டல ஈர்ப்பலைகள் என்பவை, மேலே தள்ளப்பட்ட காற்று புவியீர்ப்பினால் கீழிறங்கியும் மிதப்பு விசையால் மேலெழுந்தும் ஊசலாடுவதால் பரவும் அலைகள் ஆகும். இடிமழை மேகங்கள், மலைகளின் மீது வீசும் காற்று முதலியவை இவற்றைத் தோற்றுவிக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவற்றை, உயர் வளிமண்டலத்தின் மங்கலான இரவொளியாகிய வானொளிர்வைப் படமெடுத்து அறியலாம். கருந்துளை மோதல்களால் தோன்றி, 2015இல் முதன்முறையாக நேரடியாகக் கண்டறியப்பட்ட ஈர்ப்பு அலைகள் இவற்றினும் வேறானவை.

வானொளிர்வு

பகலில் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் ஆக்சிசன் மூலக்கூறுகளைப் பிளக்கின்றன. இவ்வாறு சேமிக்கப்படும் ஆற்றல் இரவில் வேதிவினைகளின் வழியே ஒளியாக வெளிப்படுகிறது. இதன் முக்கிய அடுக்குகள்:

* ஐதராக்சில் – சுமார் 87 கி.மீ. உயரம், பெரிதும் அகச்சிவப்பு ஒளி
* சோடியம் – சுமார் 90 கி.மீ.; 589 நானோமீட்டர், மஞ்சள்
* அணுநிலை ஆக்சிசன் – சுமார் 97 கி.மீ.; 557.7 நானோமீட்டர், பச்சை

அலை கடக்கும்போது அடுக்கின் வெப்பநிலையும் அடர்த்தியும் மாறுவதால், ஒளி கூடிக் குறைந்து படத்தில் வரிகளாகத் தெரிகிறது.

நோக்கும் முறை

மீன்கண் வில்லை முழு வானத்தையும் ஒரே படத்தில் அடக்குகிறது. வடிகட்டி குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் அனுமதிக்க, குளிரூட்டப்பட்ட சி.சி.டி. ஒளிப்படக்கருவி அதனைப் பதிவு செய்கிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அலைநீளம், வேகம், திசை ஆகியவற்றைக் கணிக்கலாம். எடுத்துக்காட்டாக, 30 கி.மீ. அலைநீளமுள்ள அலை நொடிக்கு 50 மீட்டர் நகர்ந்தால், தரையிலிருந்து நோக்கும்போது அதன் அலைவுக்காலம் 10 நிமிடங்கள் ஆகும்.

முக்கியத்துவம்

மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலையின் வீச்சு பெருகுகிறது. இறுதியில் கடலலை போல உடைந்து, தன் உந்தத்தை அங்குள்ள காற்றுக்கு அளிக்கிறது. துருவப் பகுதிகளில் இடையடுக்கின் உச்சி குளிர்காலத்தைவிடக் கோடையில் மிகக் குளிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில்

இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் திருநெல்வேலி ஆய்வு மையத்தில் வானொளிர்வுப் படமெடுப்பு நடைபெற்றுள்ளது. ஆற்று முகத்துவாரத்தில் கடலோதம் சுவர்போல் ஏறிவருவதை ஒத்த அலைமுகம் ஒன்றை அங்கு பதிவு செய்த ஆய்வு 2009இல் வெளியானது. அங்குள்ள ரேடார் 1992 முதல் அளந்த உயர்வளிக் காற்று விவரங்களும் இத்தகைய ஆய்வுக்குத் துணைபுரிகின்றன.

நிலவொளியும் மேகமும் அற்ற இருண்ட வானம் இம்முறைக்கு இன்றியமையாதது. தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் எழும் இடிமழை மேகங்களும் இவ்வலைகளைத் தோற்றுவிக்கக்கூடியவை. ஆயினும் அங்கிருந்து அவற்றைப் படமெடுப்பது கடினம். தெருவிளக்குகளின் ஒளி வானொளிர்வின் மங்கலான மஞ்சள், பச்சை ஒளிகளை மறைத்துவிடுகிறது.