குற்றவாளி தரவேண்டிய சான்று



அரசுத் திட்டங்கள் ஏன் சேரிக்கு வந்து சேர்வதில்லை என்று கேட்டால், படித்தவர்கள் பலரும் உடனே சொல்லும் பதில் ‘விழிப்புணர்வு இல்லை’ என்பதுதான். இதை நாம் ஏற்பதற்கில்லை. ரேஷன் கடைக்குப் பருப்பு எப்போது வரும், பாமாயில் எப்போது தீரும் என்று விரல்நுனியில் வைத்திருக்கும் பெண்களுக்கா விழிப்புணர்வு இல்லை? உரிமை எங்கே சிக்கி நிற்கிறது என்பதைப் பார்க்க, கையால் மலம் அள்ளுவோருக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

சட்டம் தாளில் நன்றாகவே இருக்கிறது. அந்த வேலையில் ஆளை வைப்பது குற்றம். பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால், முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். வேலையிலிருந்து மீள்பவருக்கு ரொக்க உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீட்டுமனை, மாற்றுத் தொழிலுக்குக் கடன், மானியம் எல்லாம் உண்டு. ரொக்க உதவி மட்டும் 40,000 ரூபாய் என்று திட்டத்தில் வைத்தார்கள்.

யாருக்கு? பட்டியலில் பெயர் உள்ளவருக்கு. பட்டியலை எடுப்பது யார்? நகரத்தில் நகராட்சி, கிராமத்தில் ஊராட்சி. நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ அந்த வேலையை வாங்கிவந்ததும் பெரும்பாலும் இவைதான். ஒரு பெயரை எழுதினால், ‘என் எல்லைக்குள் இந்தக் குற்றம் நடந்தது’ என்று அந்த அதிகாரியே கையெழுத்திட்டதாகிவிடும். எந்த அதிகாரி எழுதுவார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மனிதர் கையால் மலம் அகற்றப்படும் கழிப்பறைகள் நாட்டில் 7,94,390 என்றது. 2013, 2018 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலும் சேர்த்து அரசு கண்டறிந்த மனிதர்கள் 58,098 பேர். கழிப்பறை எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் பல மாநிலங்கள் தம்மிடம் ஒருவர்கூட இல்லை என்று எழுதிக்கொடுத்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

‘தாமே விண்ணப்பிக்கலாமே’ என்பார்கள். சட்டத்தில் அதற்கும் வழி இருக்கிறது. மனு வந்தால் பதினைந்து நாளில் விசாரிக்க வேண்டும். ஆனால் மேஸ்திரியின் தயவில் தினக்கூலி வாங்குகிறவர், ‘நான் மலம் அள்ளுகிறேன்’ என்று எழுதிக்கொடுத்த மறுநாள் வேலைக்குப் போக முடியுமா? வாடகை வீட்டுக்காரரிடமும் பிள்ளையின் பள்ளியிலும் இத்தனை காலம் மறைத்துவைத்த ஒன்றை, முத்திரையிட்ட தாளில் சொல்லச் சொல்கிறது அரசு. அவர் விண்ணப்பிக்காமல் இருப்பது அறியாமையல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்.

இன்னொரு பொறி சட்டத்தின் சொற்பொருள் விளக்கத்திலேயே உண்டு. அரசு அறிவித்த கருவிகளோடும் பாதுகாப்பு உறைகளோடும் மலத்தை அகற்றுகிறவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார். சாக்கடையில் இறங்குவது ‘அபாயகரமான துப்புரவு’ என்ற தனிவகை. இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டுதான், கையால் மலம் அள்ளியதால் எவரும் சாகவில்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்தது.

இறந்த பிறகும் சான்றுதான் கேட்கிறார்கள். 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா பத்து லட்சம் தர வேண்டும் என்றது, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தந்த தீர்ப்பு. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அது முப்பது லட்சமானது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது இருபது லட்சம். ஆனால் முதல் தகவல் அறிக்கை வெறும் சந்தேக மரணம் என்றோ, கவனக்குறைவால் மரணம் என்றோ பதிவானால், இறங்கச் சொன்னவர் அந்தத் தாளிலேயே இல்லாமல் போகிறார். தானாக விழுந்த ஒருவருக்கு அரசு ஏன் முப்பது லட்சம் தரப்போகிறது?

ஆகவே மாணவர்கள் மலக்குழி மரணம் கேள்விப்பட்ட அன்றே போக வேண்டும். பிணவறை வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு தொகையோடும் கையெழுத்துக்கு ஒரு தாளோடும் நிற்பதுண்டு. குடும்பத்தைத் தனியே விடாதீர்கள். வேலைக்கு அழைத்தவரின் பெயர், தொலைபேசி அழைப்பு, கூடவே நின்ற தொழிலாளியின் வாக்குமூலம் ஆகியவை முதல் இரண்டு நாளில் கிடைத்தால் உண்டு. வாரிசுச் சான்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளையும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவையும் சேர்க்கும்படி காவல் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். இந்தச் சட்டத்துக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்தான்.