மார்பே தொட்டில்

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லுதல் நம்மவரின் நெடுநாள் வழக்கம். எனினும், பிழைப்பை நாடித் தில்லியிலும் பிற தொலைநகரங்களிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அது எப்போதும் கைகூடுவதில்லை. நாள் நிரம்புமுன்னரே வலி கண்டுவிட்டால் இரயிலேற இயலாது. ஊரிலிருந்து தாயார் வந்து சேரவும் இரண்டு நாள் பிடிக்கும். அவ்வாறு முந்திப் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் எடை குறைந்தே பிறக்கும். அதனை இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட, தாய் ஒரு வார்டில், சேய் ஒரு வார்டில், தந்தை நடைக்கூடத்தில் என்று குடும்பம் மூன்றாகச் சிதறி நிற்கும் காட்சியை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். இப்பிரிவு தேவைதானா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வினாவைச் செயலில் எழுப்பியவர் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் பணியாற்றிய எட்கர் ரே என்னும் குழந்தை மருத்துவர். ஆண்டு 1978. ஏழை மகளிர் திரளாக வந்து பிரசவிக்கும் மருத்துவமனை அவருடையது. பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்த நேர்ந்தது. ஒன்றன் நோய் மற்றொன்றைப் பற்றிற்று. நெடுநாள் பிரிந்திருந்த தாய்மாரிற் சிலர் குழந்தையைக் கைவிட்டுச் செல்லவும் தலைப்பட்டனர். பெட்டி தரும் சூட்டைத் தாயின் மார்பு தரலாகாதோ என்று அவர் எண்ணினார். எக்டர் மார்ட்டினெஸ் என்னும் மருத்துவரும் பின்னர் அவருடன் சேர்ந்து இதனை வளர்த்தார். கங்காரு தன் முதிராக் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதை ஒத்திருத்தலின், கங்காரு பராமரிப்பு என்னும் பெயர் நிலைத்தது. வறுமையிற் பிறந்த உபாயந்தான். ஆயினும் செல்வ நாட்டு மருத்துவமனைகளும் பின்னர் இதனைக் கைக்கொண்டன.

செய்முறை எளிது. குழந்தைக்குக் குல்லாயும், காலுறையும், இடுப்புத் துணியுமன்றி வேறாடை வேண்டா. தாயின் மார்புகட்கு நடுவே, தவளைபோற் கைகால் மடங்கியிருக்க, நிமிர்த்தி அணைத்து, தலையை ஒருபுறம் திருப்பி, மூக்கும் வாயும் மறையாதவாறு மெல்லிய துணியாற் கட்டிவிட வேண்டும். தாய் சாய்ந்து உறங்கலாம். எழுந்து உலாவவும் செய்யலாம். எடை குறைந்த சிசுவின் உடலிற் கொழுப்பு மிகக் குறைவு. சூடு விரைவில் வெளியேறும். உண்ட பால் சூட்டிற்கே செலவாகி, வளர்ச்சிக்கு எஞ்சாது. தாயின் மேனி அச்சூட்டைக் காக்கின்றது. பாலும் நன்கு சுரக்கின்றது. தாயின் தோலில் வாழும் கிருமிகள் மருத்துவமனைக் கிருமிகளைப்போற் கொடியனவும் அல்ல.

நிற்க. இந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் 1990களிலேயே இம்முறை தொடங்கியது. ஆனால், குழந்தையின் நிலை தேறிய பிறகே மார்பில் வைக்கலாம் என்பது எங்கும் விதியாக இருந்தது. தேறுவதற்குச் சில நாட்கள் ஆகும். சிசுக்களிற் பெரும்பாலன இறப்பதோ அம்முதல் நாட்களிலேயே! இவ்விதியைச் சோதிக்க முற்பட்டது உலக சுகாதார நிறுவனம். 2017 முதல் 2020 வரை கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் ஆய்வு நடைபெற்றது. இந்தியாவின் பங்கு நம் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையுடையது என்பது நமக்குப் பெருமை. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். பழைய விதிப்படி வளர்ந்தவர்களுள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 15.7, பிறந்தவுடனேயே மார்பில் வைக்கப்பட்டவர்களுள் 12. பயன் அத்துணைத் தெளிவாயிருந்தமையின் ஆய்வைக் குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்திவிட்டனர். முடிவுகள் 2021இல் வெளியாயின. அடுத்த ஆண்டே, இயன்ற விரைவில் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதனைச் செய்யுமாறு அந்நிறுவனம் அறிவுரை வழங்கியது. தானே மூச்சுவிட இயலாது செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள சிசுக்களுக்கு இது பொருந்தாது.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. வேண்டுவது ஒரு கட்டில். தாயின் கட்டில் சிசுக்களின் தீவிர சிகிச்சைக் கூடத்திற்குள்ளேயே இடப்பெறல் வேண்டும். பிரசவ மருத்துவர் அங்கு வந்து தாயைப் பார்த்தல் வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாயையே வெளியேற்றும் பழக்கம் அங்கே ஒழிய வேண்டும். கருவி வாங்குவதினும் இது கடினம் என்றே தோன்றுகின்றது. ஒரு கூடத்தின் அமைப்பையும் பலருடைய பழக்கத்தையும் ஒருசேர மாற்ற வேண்டியிருக்கின்றதே!

சிசேரியன் ஆன தாயால் எட்டு மணி நேரம் தாங்க இயலுமா என்று கேட்கலாம். அவள் தேறும்வரை பாட்டியோ, தந்தையோ, அத்தையோ அணைத்துக்கொள்ளலாம். பாட்டி இரயிலில் வந்துகொண்டிருக்கும் வீடுகளில் அப்பொறுப்பு தந்தையுடையது. மார்பில் உரோமம் இருக்கின்றதே என்று தயங்குவோருக்கு மருத்துவர்கள் கூறும் விடை, அது தடையன்று என்பதே. சளி இருமல் இல்லாதிருத்தலும், குளித்துத் தூய்மையாயிருத்தலும், முன்புறம் திறக்கும் சட்டை ஒன்றும் போதும். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பையில் துவைத்துலர்த்திய பழம்புடைவைத் துண்டு ஒன்றையும் மறவாது வைத்துக்கொள்க.