மழைக்கு முன் வீட்டு ரிப்பேர்: நீங்களே செய்யலாம்! 3 இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்!

சென்னைக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மழை போட்டுத் தாக்கும். தெருவில் தண்ணீர் நின்றால் மாநகராட்சியைத் திட்டலாம். படுக்கை அறையில் கூரை சொட்டினால் யாரைத் திட்டுவது?

2015-ம் ஆண்டு பெருவெள்ளத்தையும், 2023-ம் ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு அந்த அவதி தெரியும். மழை நேரத்தில் ரிப்பேருக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிளம்பரைக் கூப்பிட்டால், "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த 'நாளை' வர ஒரு வாரம் ஆகும். கொத்தனாரோ, "வெயில் அடிக்கட்டும், பாக்கலாம்" என்பார். வெயில் அடித்ததும் வீட்டுக்காரரே மறந்து விடுவார்!

இந்த வேலைகளில் பலவற்றை வீட்டில் இருப்பவர்களே செய்து விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் எந்த வேலையில் இறங்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இறங்கினால் மிச்சம் பிடித்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். சில நேரம் ஆளே போய் விடுவார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சொட்டும் குழாய்

முதலில் எளிதான வேலை. குழாய் சொட்டுகிறது. "சொட்டுத்தானே, போகட்டும்" என்று விட்டு விடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86 ஆயிரத்து 400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் தினமும் 4 லிட்டருக்கு மேல் வீண். மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, நள்ளிரவில் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்த ஊர் இது!

குற்றவாளி பெரும்பாலும் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வாசர்தான். மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். தலைப் பாகத்தின் மேல் துணியைச் சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். அடியில் தேய்ந்துபோன வாசர் இருக்கும்.

அந்தப் பழைய வாசரைத் தூக்கி எறிந்து விடாதீர்கள். கையோடு கடைக்கு எடுத்துப் போய், "அண்ணே, இதே சைஸ்ல ஒண்ணு குடுங்க" என்று கேளுங்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். கொஞ்சம் சாமான் சேர்த்து வாங்குவதாக இருந்தால் பாரிமுனை செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டி தெருப் பக்கம் போகலாம். புதிய வாசரைப் போட்டு மாட்டும்போது பலத்தை எல்லாம் காட்டக் கூடாது. ரப்பர் நசுங்கி, மறுபடி சொட்டும்.

அரைத் திருப்பில் திறக்கும் புது மாடல் குழாயில் இந்த வாசர் இருக்காது. அதில் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

இணைப்பில் கசிந்தால் டெஃப்லான் டேப் சுற்றலாம். எந்தப் பக்கம் திருகி இறுக்குகிறோமோ, அந்தப் பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப் பக்கமாகச் சுற்றினால் திருகும்போது டேப் உரிந்து வந்து விடும். பலர் தோற்பது இங்கேதான்.

திருட்டுக் கசிவு

கண்ணுக்குத் தெரியாத திருட்டு ஒன்றும் உண்டு. அது கழிப்பறை பிளஷ் டேங்க் கசிவு. சத்தமே போடாமல் தண்ணீரைக் குடித்து விடும். அதைப் பிடிக்க ஒரு வழி: துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில சொட்டு டேங்கில் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் பண்ணக் கூடாது. பிறகு பாருங்கள். பீங்கானுக்குள் நீலம் இறங்கி இருந்தால் திருடன் அகப்பட்டான்! டேங்கின் அடியில் இருக்கும் வாசரை மாற்றினால் வேலை முடிந்தது.

மொட்டை மாடி

அடுத்தது மாடி. மழைக்கு முன் முதல் வேலை, பெருக்குவது. இலை, பிளாஸ்டிக் பை, பிள்ளைகள் தொலைத்த பந்து எல்லாம் தண்ணீர் இறங்கும் வாயில்தான் போய் அடைத்துக் கொள்ளும். வாய் அடைத்தால் மாடி குளமாகும். குளமானால் கீழே ஒழுகும்.

பிறகு நாலைந்து வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ, அங்கே வாட்டம் போய் விட்டது என்று அர்த்தம். தட்டு ஓடு பதித்த மாடியில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள பூச்சு பெயர்ந்திருக்கும். அந்த இடுக்கைச் சுரண்டி, தூசி போகக் கழுவுங்கள். சிமெண்டுடன் வாட்டர் புரூஃப் திரவத்தை டப்பாவில் எழுதியுள்ள அளவில் கலந்து, ஈரத்தோடு அழுத்தி அடையுங்கள். பூசியதோடு வேலை முடியாது. ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வெயிலிலேயே வெடித்து விடும்.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் உடனே கவனியுங்கள். காக்கை போட்ட விதையில் வந்த கன்றுதானே என்று இலையைக் கிள்ளிப் போட்டால் போதாது. வேர் உள்ளே போய்க் கொண்டே இருக்கும், சுவரைப் பிளக்கும். வேரோடு எடுத்து, அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

ஒரு விஷயம். உள்ளே ஈரம் தெரிகிற இடத்தில் பெயிண்ட் அடித்துப் பயன் இல்லை. தண்ணீர் வெளியில் இருந்து வருகிறது. வெளியே அடைக்காமல் உள்ளே பூசினால், பூசிய பெயிண்ட் அடுத்த மழையில் தோல் உரியும். காசுதான் தண்டம்!

இனி, கை வைக்கக் கூடாத 3 இடங்கள்.

1. ஈரச் சுவரும் மின்சாரமும்

கூரைக் கசிவு அழுக்குப் பிரச்சினை மட்டும் அல்ல. உயிர்ப் பிரச்சினை. சுவருக்குள் இறங்கும் தண்ணீர் சுவிட்சு போர்டை அடைந்தால் சுவரே ஷாக் அடிக்கும். "சுவரைத் தொட்டா சுள்ளுங்குது" என்று பிள்ளைகள் சொன்னால் விளையாட்டாக எடுத்துக் கொள்ளாதீர்கள். கையும் தரையும் உலர்ந்திருந்தால் மெயினை அணைத்து விட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மெயின் இருக்கும் சுவரே நனைந்திருந்தால் அதையும் தொடாதீர்கள். மின் வாரியத்துக்குச் சொல்லி விடுங்கள்.

பல்பு மாட்டலாம். மெயினை அணைத்து விட்டு, உடைந்த பிளக் மூடியை மாற்றலாம். அதற்கு மேல் சுவருக்குள் ஓடும் வயரில் கை வைப்பது உரிமம் பெற்ற வயர்மேன் வேலை.

பழைய வீடுகளில் இன்னொரு விஷப் பரீட்சை நடக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைக் கட்டி விடுவார்கள். பியூஸ் போவது ஒரு எச்சரிக்கை. தடித்த கம்பி கட்டினால் பியூஸ் போகாது, வயர் எரியும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று தைரியமாக இருக்கிறவர்கள் உண்டு. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. மனிதனைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். மின்சாரம் வழி தப்பி மனித உடம்பு வழியாகத் தரைக்குப் பாய்ந்தால், அது கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றி விடுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம், ஒரு விரல் போதும்!

ரிப்பேர் செய்யும்போது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி விட வேண்டும். உள்ளே இருந்து, "என்னங்க, கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டுக் கொண்டே மெயினைப் போட்டு விட்டால்? மெயின் மேல், 'தொடாதே' என்று ஒரு அட்டை தொங்க விடுவது நல்லது. யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் ஆளை விலக்கி, 108-க்குப் போன் செய்யுங்கள்.

2. பெயர்ந்து விழும் கூரை

கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுகிறதா? சிமெண்டைக் குழைத்து அப்பி விட்டால் சரியாகி விடாது. ஈரம் பட்ட கம்பி துருப் பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்துக் கொண்டே போகும். அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் வெடித்து விழுகிறது. மேலே அப்பிய சிமெண்டும் ஒருநாள் தூங்குகிறவர் தலையில் விழும். கட்டிலை நகர்த்துங்கள். என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

3. மூடிய தொட்டி

மூன்றாவதுதான் மிகப் பெரிய ஆபத்து. "சம்ப்புதானே, நானே இறங்கிக் கழுவிடறேன்" என்று இறங்கி விடுகிறார்கள். நாள்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டிக்குள் பிராண வாயு குறைந்திருக்கும். இறங்கியவர் கத்தக்கூட நேரம் இருக்காது, மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். ஒரே வீட்டில் 2 சாவு, 3 சாவு என்று செய்தி வருவது இப்படித்தான்.

தண்ணீர்த் தொட்டியை மேலே இருந்தே நீளமான பிரஷ்ஷால் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்.

செப்டிக் டேங்க் இன்னும் மோசம். உள்ளே விஷ வாயு இருக்கும். அது முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு அதிகமானால் மூக்கே மரத்துப் போகும். நாற்றம் போய் விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் சாய்வார்.

நீங்களும் இறங்கக் கூடாது, கூலிக்கு ஆள் பிடித்தும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சாக்கடையில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ம் ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது. லாரியைக் கூப்பிடுங்கள். குழாய் இறங்கட்டும், மனிதன் இறங்க வேண்டாம்.

வாடகை வீடா?

"நான் குடித்தனக்காரன், எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கலாம். அதற்கும் சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறிய தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், அதன்படி வேலை பிரிந்திருக்கிறது. வீட்டின் கட்டுமான ரிப்பேர், வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் குழாய் லைனையும் மின் வயரையும் மாற்றுவது ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர், சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு.

ஆகவே கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லி விட்டுச் சும்மா இருக்காதீர்கள். போட்டோ எடுத்து, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். வாசர் போனதற்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்!

ஒரு ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், டெஸ்டர், டெஃப்லான் டேப், நாலைந்து வாசர், ஒரு டார்ச்சு லைட். இவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். டப்பா மூடியின் உள்பக்கம் எலக்ட்ரீசியன் நம்பரையும், மின் வாரியத்தின் மின்னகம் நம்பரான 94987 94987-ஐயும், 108-ஐயும் எழுதி ஒட்டுங்கள். ஸ்பேனரால் முடியாத வேலைக்கு அந்த நம்பர்தான் கருவி.