குறுமூக்குப் பழ வௌவால்

குறுமூக்குப் பழ வௌவால் என்பது தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் ஒரு சிறிய பழந்தின்னி வௌவால் இனமாகும். இதன் அறிவியல் பெயர் சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். தமிழகத்தின் ஊர்ப்புறத் தோட்டங்கள், பள்ளி வளாகங்கள், சாலையோர மரங்கள் ஆகியவற்றில் இது பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலான வௌவால்கள் குகை, கோயில் மண்டபம், பாழடைந்த கட்டடம், பெருமரக் கிளை என இருக்கும் இடத்தைத் தேடிக் குடியேறுகின்றன. இந்த வௌவாலோ இலைகளையும் இளந்தண்டுகளையும் கடித்துத் தானே ஒரு கூடாரத்தை அமைத்துக்கொள்கிறது. கூடாரம் கட்டும் வௌவால்கள் உலகில் மிகச் சிலவே.

பெயரும் வகைப்பாடும்

வௌவால் பறவை அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் பாலூட்டி வகுப்பைச் சேர்ந்தது. தாமாகவே சிறகடித்துப் பறக்கவல்ல பாலூட்டி இதுமட்டுமே. உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன.

சைனோப்டெரஸ் என்னும் பேரினப் பெயரின் முற்பகுதி, நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய கண்களும் குறுகிய மூஞ்சியும் கொண்ட இதன் முகம் நாய்க்குட்டியின் முகத்தை ஒத்திருப்பதே காரணம். இந்த இனத்தை 1797ஆம் ஆண்டு மார்ட்டின் வால் என்னும் இயற்கை அறிஞர் முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டார். அவருக்குக் கிடைத்த மாதிரி தரங்கம்பாடியைச் சேர்ந்தது. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. எனவே ஆசியா முழுவதும் பரவியுள்ள இந்த விலங்கின் அறிவியல் பதிவு தமிழகக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

தமிழகத்தின் மற்றொரு வௌவாலின் வரலாறும் இதனுடன் பிணைந்துள்ளது. 1948இல் தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில் ஒரு வௌவால் பிடிக்கப்பட்டது. அது குறுமூக்குப் பழ வௌவால் எனக் கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைக்கப்பட்டது. பின்னர் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, அது முற்றிலும் வேறொரு பேரினம் என்று கண்டறிந்தார். 1972இல் அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அதுவே சாலிம் அலி பழ வௌவால். குறுமூக்குப் பழ வௌவாலுக்குச் சிறிய வால் உண்டு; சாலிம் அலி பழ வௌவாலுக்கு வெளியே தெரியும் வால் இல்லை.

உடலமைப்பு

வளர்ந்த குறுமூக்குப் பழ வௌவாலின் எடை பெரும்பாலும் 40 முதல் 60 கிராம் வரை இருக்கும். முன்னங்கை எலும்பின் நீளம் சுமார் 7 செ.மீ. சிறகுகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 48 செ.மீ. ஆலமரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலின் சிறகு விரிப்பு ஒரு மீட்டருக்கும் மேற்பட்டது என்பதை ஒப்பிட்டால் இதன் சிறுமை விளங்கும்.

காதுகளின் ஓரம் வெளிறிய நிறத்தில் இருக்கும். கருமையான சிறகுச் சவ்வின்மேல் விரல் எலும்புகள் வெண்மையாகத் தெரியும். ஆண் விலங்கின் கழுத்திலும் மார்பின் பக்கங்களிலும் செம்மஞ்சள் சாயல் காணப்படும். பெண்ணின் நிறம் அதைவிட மங்கலானது. கட்டைவிரலில் மட்டுமன்றி இரண்டாம் விரலிலும் நகம் உண்டு. கிளைகளைப் பற்றி ஏறவும் பழத்தைப் பிடித்துக்கொள்ளவும் கட்டைவிரல் நகம் உதவுகிறது.

பூச்சி தின்னும் வௌவால்கள் மீயொலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டறிகின்றன. குறுமூக்குப் பழ வௌவால் தொண்டையிலிருந்து அவ்வாறு மீயொலி எழுப்புவதில்லை. மங்கிய வெளிச்சத்திலும் காணவல்ல பெரிய கண்களையும் கூர்மையான மோப்ப ஆற்றலையும் கொண்டே உணவைத் தேடுகிறது.

பரவலும் வாழிடமும்

இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென் சீனா, மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் இந்த இனம் வாழ்கிறது. காடுகளில் மட்டுமன்றி வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர்களிலும், நகரப் பூங்காக்களிலும் இது பிழைத்துக்கொள்கிறது. பழ மரமும் பகலில் ஒதுங்க அடர்ந்த இலைத்திரளும் அருகருகே இருந்தால் போதும். பரவலாகக் காணப்படுவதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் அபாயம் குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது.

உணவு

சூரியன் மறைந்து இருள் கவிந்ததும் இந்த வௌவால் உணவு தேடிப் புறப்படுகிறது. கொய்யா, சப்போட்டா, மா, வாழை, அத்தி, ஆல், நாட்டு வாதுமை, தேன்பழம் ஆகியவை இதன் முக்கிய உணவுகள். நன்கு பழுத்த பழங்களையே பெரிதும் நாடும்.

பழ மரத்திலேயே அமர்ந்து நெடுநேரம் உண்பதை இது தவிர்க்கிறது. ஆந்தை போன்ற பகைவிலங்குகள் அங்கே காத்திருக்கக்கூடும். தூக்கக்கூடிய பழத்தை வாயில் கவ்விக்கொண்டு, சிறிது தொலைவில் உள்ள வேறொரு மரத்துக்குச் சென்று தொங்கியபடி தின்னும். சதையை மென்று, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை விழுங்கி, நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். காலையில் மரத்தடியில் காணப்படும் சக்கை உருண்டைகளும், சதை சுரண்டப்பட்ட வாதுமைக் கொட்டைகளும் இதனால் வந்தவையே.

பழத்தில் சர்க்கரை மிகுதி. புரதமும் கால்சியமும் குறைவு. இக்குறையை ஈடுசெய்ய, சரக்கொன்றை போன்ற சில மரங்களின் இலைகளையும் மென்று சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. வாழை, இலவம், இலுப்பை ஆகியவற்றின் பூக்களையும் நாடிச் செல்கிறது. இரவில் பூத்து விடியுமுன் உதிரும் இலுப்பைப் பூவின் சதைப்பற்றான இதழ்கள் இதற்கு விருப்பமான உணவு.

உறைவிடம்: இலைக் கூடாரம்

இந்த வௌவாலின் தனிச்சிறப்பு இதன் உறைவிடம். தென்னிந்தியாவில் செய்யப்பட்ட களஆய்வுகள் பல வகைக் கூடாரங்களைப் பதிவு செய்துள்ளன.

நெட்டிலிங்க மரத்தில், கீழ்நோக்கித் தொங்கும் அடர்ந்த கிளைகளின் நடுவே உள்ள இலைகளையும் சிறு கிளைகளையும் வௌவால் கடித்து அகற்றுகிறது. இதனால் உள்ளே மணி வடிவில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. மேலும் பக்கமும் இலைகளால் மூடியிருக்கும். அடியில் மட்டும் வாயில். கட்டட முகப்புகளில் திரைபோல் படரவிடப்படும் கொடிகளிலும் இதே முறையில் குடைகிறது.

கூந்தற்பனையில் முறை சற்று வேறு. சடைசடையாகத் தொங்கும் காய்க்குலையின் நடுச்சரங்களைக் கடித்து நீக்கி, வெளிச்சரங்களைச் சுவர்போல் விட்டுவிடுகிறது. விசிறி வடிவ இலை கொண்ட சில பனை வகைகளில், இலையின் நரம்புகளைக் கடித்து அது கீழ்நோக்கி மடங்கும்படி செய்கிறது. நம் பனைமரத்திலோ, காய்ந்து தொங்கும் ஓலைகளுக்கு அடியில் எந்த மாற்றமும் செய்யாமலே தங்குகிறது.

கூடாரத்தைக் கட்டுவது ஆண். ஒரு கூடாரம் முழுமையடையப் பல வாரங்கள் ஆகும். இவ்வளவு உழைப்பு எதற்கு? கூடாரம் வெயிலையும் மழையையும் தடுக்கிறது; காகம், பருந்து போன்றவற்றின் பார்வையிலிருந்து மறைக்கிறது. அத்துடன், நல்ல கூடாரம் உள்ள ஆணிடமே பெண்கள் வந்து சேர்கின்றன. ஓர் ஆணும் சில பெண்களும் சேர்ந்தது ஒரு குடும்பக் குழு. சில குழுக்களில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பதுண்டு. கூடாரம் இல்லாத ஆண்கள் பெரும்பாலும் தனித்தோ சிறு குழுக்களாகவோ அருகில் தங்குகின்றன.

பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்குவது இதற்குக் களைப்பைத் தருவதில்லை. உடலின் எடை கால் தசைநாணை இழுக்க, விரல்கள் தாமாகவே மடங்கிப் பூட்டிக்கொள்கின்றன. தூங்கும்போதும் பிடி நழுவாது.

இனப்பெருக்கம்

தென்னிந்தியாவில் இந்த இனம் ஆண்டுக்கு இருமுறை ஈனுகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு பருவம். ஜூன், ஜூலையை ஒட்டி மற்றொரு பருவம். கருக்காலம் ஏறத்தாழ 4 மாதம். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. முதல் குட்டி பிறந்த சில நாட்களிலேயே தாய் மீண்டும் கருவுறக்கூடும். அவ்வேளையில் ஒரு குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்த குட்டியையும் வயிற்றில் சுமக்கிறது.

பிறக்கும்போதே குட்டியின் எடை தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். தொடக்கத்தில் அது தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே இருக்கும். சற்று வளர்ந்ததும் தாய் அதைக் கூடாரத்தில் விட்டுவிட்டு உணவு தேடச் செல்லும். பறக்கக் கற்றுத் தானே உணவு தேட ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. அதுவரை கூடாரமே அதன் பாதுகாப்பு.

சூழலில் இதன் பங்கு

பூக்களில் தேனும் இதழும் உண்ணும்போது முகத்திலும் மார்பிலும் ஒட்டும் மகரந்தம் அடுத்த மரத்துக்குச் செல்கிறது. இலவமும் இலுப்பையும் இவ்வகையில் வௌவால்களால் பயன்பெறுகின்றன. அத்தி, தேன்பழம் போன்றவற்றின் நுண்ணிய விதைகளைப் பழத்துடன் விழுங்கி, குறுகிய நேரத்திலேயே பறந்தபடி எச்சமாக வெளியேற்றுகிறது. பெரிய கொட்டைகளை உண்ணும் இடத்தில் போட்டுவிடுகிறது. இரண்டு வழியிலும் விதை தாய்மரத்தின் நிழலை விட்டு விலகிச் சென்று முளைக்கிறது. தரிசு நிலத்திலும் வேலியோரத்திலும் யாரும் நடாமல் வளரும் மரங்களில் வௌவால் விதைத்தவையும் உண்டு.

சட்டமும் அச்சுறுத்தலும்

1972ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றுடன் தீங்குயிர்களின் பட்டியலான ஐந்தாம் அட்டவணையில் வைத்தது. அதனால் அவற்றைக் கொல்வதற்குத் தடை இல்லாதிருந்தது. சாலிம் அலி பழ வௌவால் மட்டும் பின்னர் உயர் பாதுகாப்புப் பெற்றது. 2022இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் தீங்குயிர் அட்டவணையையே நீக்கியது.

திராட்சை, கொய்யா, சப்போட்டாத் தோட்டங்களில் இதனால் இழப்பு ஏற்படுவது உண்மை. ஆனால் தளர்வாகக் கட்டப்படும் வலைகளில் வௌவால்கள் சிக்கி மடிகின்றன. பழக்குலைகளுக்குப் பை கட்டுதல், முற்றிய காய்களைப் பழுக்குமுன் பறித்தல், சிறு கண் வலையை இழுத்துக் கட்டுதல் ஆகியவை வௌவாலைக் கொல்லாமல் பழத்தைக் காக்கும் வழிகள்.

கண்ணுக்குத் தெரியாத அச்சுறுத்தல் ஒன்றும் உண்டு. வளாகத்தைத் துப்புரவு செய்யும்போது நெட்டிலிங்கக் கிளைகளைக் கழிப்பதும், பனையின் காய்ந்த ஓலைகளை இறக்குவதும், சுவர்க் கொடிகளை வெட்டுவதும் வழக்கம். குட்டிகள் உள்ள மாதங்களில் இவ்வாறு செய்தால் பல வாரங்களில் உருவான கூடாரம் ஒரு நாளில் அழிகிறது; பறக்க இயலாத குட்டிகள் தரையில் விழுகின்றன. பெரிய வௌவால்களைப்போல் இவை கண்ணில் படும்படி கூட்டமாகத் தொங்குவதில்லை என்பதால், கூடாரம் இருந்ததே பலருக்குத் தெரிவதில்லை. மரத்தடியில் சக்கையும் எச்சமும் உள்ளனவா என்று பார்த்து, இருந்தால் அந்த வேலையை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

நோய் பற்றிய தெளிவு

2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் பரவியபோது எல்லா வௌவால்களும் அச்சத்துக்கு உள்ளாயின. இவ்வைரஸின் இயற்கைப் புகலிடமாக அறியப்படுபவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். எனினும் எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கடிபட்ட பழத்தை உண்ணக்கூடாது. தரையில் விழுந்த குட்டியைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வௌவால் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு நீரால் நன்கு கழுவி உடனே மருத்துவரை அணுக வேண்டும். மரத்தை வெட்டுவதோ கூடாரத்தைக் கலைப்பதோ நோயைத் தடுக்கும் வழியன்று. இடம் இழந்த வௌவால்கள் வேறு தோட்டங்களுக்கும் வீடுகளின் அருகிலும் சிதறிச் செல்லும். தொலைவில் இருந்து பார்ப்பதும், அதன் மரத்தை அதற்கே விட்டுவிடுவதும் இருதரப்புக்கும் பாதுகாப்பானவை.